பள்ளியில் கிடைத்த சலுகை கல்லூரிக்குத் தானாக வராது

கேள்வி: என் மகள் மதுரையில் விடுதியில் தங்கி பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறாள். 18 வயது முடிந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் அவளுக்கு டிஸ்லெக்சியா இருப்பதாகச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ இரண்டிலும் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். ஒரு டீச்சர் உட்கார்ந்து இவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் கிடைத்தது. நல்ல மார்க்தான் வாங்கினாள். கல்லூரியில் சேரும்போது இதைச் சொன்னால் சீட் தர மாட்டார்கள் என்று என் கணவர் தடுத்துவிட்டார். இப்போது முதல் செமஸ்டரில் ஆங்கிலம், கணக்கியல் இரண்டிலும் அரியர். கல்லூரியில் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டால், “மறுபடியும் அந்தத் தனி ரூமில் உட்கார மாட்டேன், எனக்கு வேறொருத்தர் எழுதித் தந்ததாக எல்லோரும் சொல்வார்கள்” என்று அழுகிறாள். சேரும்போது மறைத்துவிட்டு இப்போது சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களா? பட்டத்தில் இதைக் குறிப்பிடுவார்களா? நாளை கல்யாணப் பேச்சு வரும்போது பிரச்சினை ஆகுமா? சலுகை வாங்கி வாங்கியே அவளைச் சோம்பேறி ஆக்கிவிட்டோமா? படிப்பை நிறுத்திவிட்டு டெய்லரிங் அனுப்பலாம் என்கிறார் என் கணவர். தூக்கமே வரவில்லை ஐயா.
– கே.எஸ்., விருதுநகர்.

பதில்:

அன்புள்ள அம்மா,

படிப்பை நிறுத்த வேண்டாம். இத்தனை வருடங்களாக எந்த உதவியோடு உங்கள் மகள் படித்து வந்தாளோ, அந்த உதவி மொத்தமும் நின்றுபோன பிறகு எழுதிய முதல் தேர்வு இது. அதில் இரண்டு தாளில் தவறியதை வைத்து அவளால் பட்டப்படிப்பு முடியாது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மற்ற தாள்களில் தேறியிருக்கிறாளே, அதற்காக வீட்டில் யாராவது ஒரு வார்த்தை பாராட்டினீர்களா?

வெளியே அனுப்பிவிடுவார்களா என்ற பயமும் வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் காட்டி அவள் பெற்ற இடம் அது. இன்றைக்குச் சொன்னாலும், இரண்டாம் ஆண்டில் போய்ச் சொன்னாலும் இடம் பறிபோகாது. தேர்வில் கூடுதல் நேரம் வாங்கியதைப் பட்டச் சான்றிதழில் குறிப்பிடும் வழக்கமும் இல்லை.

சோம்பேறி ஆக்கிவிட்டோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். டிஸ்லெக்சியா (எழுத்தைப் பார்த்து அதன் ஒலியை உடனுக்குடன் பிடித்து வாசிப்பதில் உள்ள குறைபாடு) பிறவியிலேயே மூளை இயங்கும் விதத்தோடு வருவது. வயதாக ஆகத் தானாக மறைந்துவிடாது. அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்றவர்கள் யோசிக்காமல் வாசிக்கும் ஒரு பக்கத்தை இந்தப் பிள்ளைகள் வரிக்கு வரி உழைத்து வாசிக்கிறார்கள். ஒரு நாளில் மற்ற மாணவிகள் போடுவதைவிட அதிக உழைப்பைப் போடும் பெண்ணுக்குச் சோம்பேறி என்ற பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். அவள் காதில் விழும்படி அந்தச் சொல் வீட்டில் வரவே கூடாது.

சரி, பிளஸ் டூவில் தேறிய பெண் கல்லூரியில் ஏன் சறுக்கினாள்? காரணம் மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது ஆங்கிலம். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். ‘க’வைச் சில இடத்தில் அழுத்தியும் சில இடத்தில் மெலிதாகவும் சொல்கிறோம், ஆனாலும் பழகிவிட்டால் விதி பிடிபட்டுவிடும். அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் தமிழைப் பிழையில்லாமல், ஆனால் மெதுவாக வாசிப்பதை அடிக்கடி பார்க்கிறோம். ஆங்கிலம் அப்படியில்லை. ‘த்ரூ’, ‘தோ’, ‘காஃப்’ மூன்று சொற்களிலும் கடைசி நான்கு எழுத்தும் ஒன்றேதான். ஒலியோ மூன்று விதம். பள்ளியில் ஒரு மொழிக்கு விலக்கு இருந்தது. கல்லூரியில் பகுதி 2 என்று ஆங்கிலம் திரும்ப வந்து நிற்கிறது. போதாததற்கு, கணக்கியலும் வணிகச் சட்டமும் பெரும்பாலான கல்லூரிகளில் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. அவள் வாசிக்க வேண்டிய பக்கங்கள் பல மடங்கு கூடிவிட்டன; பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட அம்மாவும் இல்லை.

இரண்டாவது கணக்கியல். “கணக்கு அவளுக்கு நன்றாக வருமே, அதில் எப்படிப் போனது?” என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அவளுடைய பழைய விடைத்தாளையோ நோட்டையோ எடுத்துப் பாருங்கள். கணக்குப் போடும் முறை சரியாக இருக்கும். குறிப்பேட்டில் 8,640 என்று எழுதியதைப் பேரேட்டுக்கு எடுத்தெழுதும்போது 8,460 என்று எழுதியிருப்பாள். கடைசியில் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பட்டியல்) 180 ரூபாய் உதைக்கும். எங்கே தப்பு என்று முதலிலிருந்து தேடத் தொடங்குவாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் அகப்படாது. அரை மணி நேரம் அதில் போய்விடும், அடுத்த இரண்டு கேள்விகளைத் தொடக்கூட நேரம் இருக்காது.

இதற்குக் கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகக் கையாளும் ஒரு வழி உண்டு. இருப்பாய்வில் வரும் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். மீதியில்லாமல் வகுபட்டால், ஏதோ ஓர் எண்ணில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 180 வகுபடுகிறது பாருங்கள். அப்போது எல்லாவற்றையும் தேடாமல், இலக்கம் மாறக்கூடிய எண்களை மட்டும் விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாக வாய்க்குள் சொல்லிச் சரிபார்க்கலாம். இதை இன்றே போனில் சொல்லிக் கொடுங்கள். அடுத்த தேர்வில் சில மதிப்பெண்ணையாவது இது காப்பாற்றும்.

மூன்றாவது காரணம்தான் பெரியது. பள்ளியில் உதவி அவளைத் தேடி வந்தது. நீங்கள் அலைந்தீர்கள், தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டார், தேர்வுத் துறை ஆணை அனுப்பியது, அவள் போய் உட்கார்ந்தாள். கல்லூரிக்கு அந்த ஆணை செல்லாது. பள்ளியிலிருந்து கல்லூரிக்கு ஒரு தாளும் தானாகப் போவதில்லை. அங்கே உதவி உண்டு, ஆனால் மாணவி போய்க் கேட்டால்தான் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் வருடத்தை இழக்கும் பிள்ளைகள் ஏராளம்.

கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற பெயரில் டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா (எழுதுவதில் குறைபாடு), டிஸ்கால்குலியா (எண்களைக் கையாள்வதில் குறைபாடு) எல்லாம் உள்ளே வந்தன. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களோடு அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் சேர்த்தே சொல்கிறது: மாணவரின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டும். சுயநிதிக் கல்லூரி என்பதால் விலகிக்கொள்ள முடியாது. 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே உங்கள் மகள் யாரிடமும் தயவு கேட்கப் போகவில்லை.

இனி செய்ய வேண்டியது. முதல் வேலை சான்றிதழ். உங்கள் கையில் இருப்பது பள்ளிக் காலத்தில் வாங்கியதாகத்தான் இருக்கும். மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி, கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல் தரப்படும். 14 வயதில் ஒரு முறை, 18 வயதில் ஒரு முறை மறுபடி சோதிக்க வேண்டும். 18 வயதில் தருவது ஆயுள் முழுவதற்கும் செல்லும். அதனால் இந்த ஒரு முறை அலைச்சலைப் பார்க்காதீர்கள். உங்கள் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால், மருத்துவக் குழு எந்த நாளில் உட்காருகிறது, கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் உளவியலாளர் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறார் என்பதைச் சொல்வார்கள். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே வசதி இல்லையென்றால் மதுரைக்கு அனுப்புவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை உருவாக்கிய சோதனைத் தொகுப்பை வைத்து வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். ஊசி, ஸ்கேன் எதுவும் இருக்காது என்பதை அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏழாம் வகுப்பு அறிக்கை, தேர்வுத் துறை தந்த பழைய ஆணை, இப்போதைய மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தனித்துவ அடையாள அட்டைக்கும் (நாடு முழுவதும் செல்லும் மாற்றுத்திறனாளி அட்டை) அப்போதே விண்ணப்பித்துவிடலாம்.

சான்றிதழில் சதவீதம் எழுதுவார்கள். 40 அல்லது அதற்கு மேல் என்றால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு அவள் தகுதி பெறுவாள். மேல்படிப்புக்குப் போகும்போது பயன்படும். அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டிலும் கற்றல் குறைபாடு சேர்ந்த பிரிவுக்கு ஒரு சதவீதம் இருக்கிறது. 40க்குக் குறைந்தால் தேர்வு உதவியே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தேர்வர் வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு 2022 ஆகஸ்டில், 40க்குக் கீழே இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கென்று மத்திய அரசு தனி வழிகாட்டுதலே கொடுத்தது. அதற்கென உள்ள படிவத்தில் மருத்துவச் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கல்லூரியில் யாரைப் பார்ப்பது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்னதன் பேரில் பல கல்லூரிகளில் சம வாய்ப்பு மையம் என்று ஒன்று இருக்கும். ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருப்பார். உள்ளதைச் சொல்கிறேன், பல இடங்களில் அந்த மையம் சாய்தளத்தையும் சக்கர நாற்காலியையும் தாண்டிப் போயிருக்காது. பார்வை, செவி, கை கால் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, உதவிக்கு ஓடி வருகிறார்கள். கற்றல் குறைபாடு வெளியே தெரியாததால் “பெண் நன்றாகத்தானே பேசுகிறாள்?” என்பார்கள். இது கெட்ட எண்ணம் இல்லை, அறியாமை. சான்றிதழைக் காட்டிப் பொறுமையாக விளக்கினால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். மையம் இல்லாவிட்டால் துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு எழுத வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்கேயே உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆணை தருவார். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் முதல்வர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி அங்கிருந்து ஆணை வர வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தேர்வுக் கட்டண அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், செமஸ்டர் தொடங்கியதுமே கடிதம் போய்ச் சேர வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் சான்றிதழோடு போய் நின்றால் நல்ல மனிதரால்கூட ஒன்றும் செய்ய முடியாது.

கடிதத்தை அவளே எழுதட்டும், அம்மா. நீங்கள் எழுதி அவள் கையெழுத்துப் போடுவது வேண்டாம். போனில் சொல்லித் தட்டச்சு செய்யட்டும். அரைப் பக்கம் போதும். “எனக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளது. பாடம் புரிகிறது, வாசிக்கவும் எழுதவும் மற்றவர்களைவிட அதிக நேரம் ஆகிறது. பள்ளித் தேர்வுகளில் இன்னின்ன உதவி பெற்றேன். இந்தக் கல்லூரித் தேர்வுகளில் எனக்கு இவை வேண்டும்” என்று தொடங்கி, வேண்டியதை வரிசையாகக் கேட்கட்டும். 18 வயதான பெண்ணின் வாயிலிருந்து இது வரும்போது பேராசிரியர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். நாளை வேலை பார்க்கும் இடத்திலும் அவள் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது நீங்கள் கூட இருக்க மாட்டீர்கள்.

இப்போது அவள் அழுகைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். பள்ளியில் கூடுதல் நேரம், தனி அறை, எழுதும் ஆசிரியை எல்லாம் ஒரே கட்டாக வந்ததால், உதவி என்றாலே அந்த அறைதான் என்று அவள் நினைக்கிறாள். அப்படி இல்லை. 2018 ஆகஸ்டில் வந்த தேர்வு வழிகாட்டுதல் எழுதுபவரைக் கட்டாயமாக்கவில்லை; அவர் வேண்டாம் என்று தேர்வர் சொல்லலாம். ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடு செய்யும் நேரம் தர வேண்டும் என்கிறது; மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடும். வினாத்தாளை வாசித்துக் காட்ட மட்டும் ஒருவர் வேண்டும் என்றும் கேட்கலாம். கணக்கியலில் எண்களைத் தன் கையால் எழுதினால்தான் அவளுக்கு ஓடும் என்றால் எழுதுபவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். எல்லோரும் இருக்கும் அறையிலேயே முன் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் போன பிறகும் எழுதலாமா என்று கேட்டுப் பார்க்கட்டும். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். சட்டம், பொருளியல் போல நீளமாக எழுதும் தாளுக்கு மட்டும் எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம்.

அப்படி வைத்துக்கொண்டால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதுபவரை அவளே அழைத்து வருவதானால், அவர் உங்கள் மகளைவிடக் குறைந்த படிப்புள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி. வாய்ப்பிருந்தால் தேர்வுக்கு முன்னால் இரண்டு மூன்று பழைய வினாத்தாள்களை அவரோடு உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். சொல்லி எழுத வைப்பது தனிப் பழக்கம். எங்கே பத்தி பிரிய வேண்டும், எந்தத் தலைப்புக்கு அடிக்கோடு, எந்தத் தொகை பற்றுப் பத்தியில், எது வரவுப் பத்தியில் என்று எல்லாவற்றையும் வாயால் சொல்லத் தெரிய வேண்டும். “வேறொருத்தர் எழுதித் தந்தார்” என்று கேலி செய்யும் பிள்ளைகளை ஒரு முறை இப்படி ஒரு தாள் சொல்லி எழுத வைத்தால், அது எவ்வளவு கடினம் என்று தெரிந்துவிடும்.

மொழிப்பாட விலக்கு கல்லூரியில் எளிதில் கிடைக்காது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும். கேட்டுக் கடிதம் கொடுக்கட்டும், ஆனால் அதை நம்பி ஆங்கிலப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டாம். போனிலேயே வாசித்துக் காட்டும் வசதி தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இருக்கிறது. பாடப்புத்தகத்தைப் படமெடுத்துக் காதால் கேட்டபடி கண்ணால் வரியைத் தொடர்ந்து வரட்டும். இரண்டும் சேர்ந்தால் மனதில் நிற்கும். அச்சுப் புத்தகத்தை வாசிக்க முடியாதவர்களுக்காக மத்திய அரசு 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகலாம். இப்படிப்பட்டவர்களுக்காக நூல்களை மாற்று வடிவில் எடுக்க வழி செய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியாதான். வகுப்பில் கரும்பலகையைப் படமெடுத்துக்கொள்ளவும், பாடத்தை ஒலிப்பதிவு செய்யவும் ஆசிரியரிடம் அனுமதி கேட்கட்டும். அது கிடைத்தாலே, பார்த்து எழுதும் அவசரத்தில் பாடத்தைத் தவறவிடுவது நின்றுவிடும். வாசிப்புக்கே பயிற்சி வேண்டுமென்றால், சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் உள்ள சிறப்பாசிரியர்களைப் பற்றி அவர்களிடம் விசாரிக்கலாம்.

கல்லூரி மறுத்தால்? மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பல மறுப்புகள் கரைந்துவிடும். அப்படியும் முடியாது என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு அனுப்பலாம். குறைகளை விசாரிக்க, ஆட்களை அழைக்க, ஆவணங்களைக் கேட்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்குச் சட்டம் தந்திருக்கிறது. அங்கே வரை போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கல்யாணப் பேச்சைப் பற்றி. அந்த முடிவு அவளுடையது; யாரிடம் எப்போது சொல்வது என்பதும் அவளுடையது. டெய்லரிங் நல்ல தொழில், அவளுக்கு ஆசையிருந்தால் கற்றுக்கொள்ளட்டும், ஆனால் தண்டனையாக அதை அவள் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் கணவர் சொல்ல வேண்டாம் என்று தடுத்ததும் மகளைப் பற்றிய பயத்தால்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவக் குழுவுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். சோதிப்பவர் முடிவுகளை விளக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். மகள் எழுத்தோடு எப்படிப் போராடுகிறாள் என்பதைச் சில அப்பாக்கள் அங்கேதான் முதல்முறையாகத் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த வார இறுதியில் அவள் ஊருக்கு வந்தால் தேர்வைப் பற்றித் தொடங்காதீர்கள். எந்தப் பாடம் பிடித்திருக்கிறது, எந்த ஆசிரியை நன்றாக நடத்துகிறார் என்று கேளுங்கள். முதலில் பேச வேண்டிய பேராசிரியர் யார் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். சான்றிதழ் கைக்கு வந்ததும் பத்துப் பிரதி எடுத்து வையுங்கள். சரிபார்க்க அசலைக் காட்டினால் போதும், எந்த அலுவலகத்திலும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.